லத்தீன் தெரிந்த கோவேறு கழுதை

கூழாம்பாறை எங்கே இருக்கிறது என்று கூழாம்பாறைக்காரர்களைக் கேட்டால், "இங்கேதான்" என்பார்கள். அதைவிடச் சரியான பதில் இருக்க முடியாது. ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு இதுவரை யாரும் அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்ததில்லை.

பழனி மலைத்தொடரில் ரோடு முடிகிற இடத்துக்கும் மேலே இருக்கிறது ஊர். அங்கிருந்து ஒற்றையடிப் பாதைதான். விளைந்ததைக் கீழே இறக்க வேண்டுமென்றால் குதிரை வேண்டும், இல்லாவிட்டால் முதுகு வேண்டும். மழை இல்லாத நாட்களிலும் மேகம் வந்து ஊருக்குள் உட்கார்ந்திருக்கும், வேலை தேடி அலுத்துப்போன ஆள் மாதிரி. யாரும் அதை ஏன் வந்தாய் என்று கேட்பதில்லை.

அந்த ஊரில் ஒச்சப்பனுக்கு ஒரு பிளம்ஸ் தோட்டம் இருந்தது. வெள்ளத்தாயி என்று ஒரு மனைவி இருந்தாள். ஒரு குதிரையும் இருந்தது. இந்த மூன்றில் குதிரையைத்தான் அவன் முதலில் இழந்தான்.

மலைக்கு மேலே மடத்துப் பங்களாவில் ஒரு வெள்ளைக்காரச் சாமியார் இருந்தார். ரொம்ப வயதானவர். அவரோடு வந்தவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கற்ற பாஷைகள் ஒவ்வொன்றாய் மறந்து கடைசியில் லத்தீன் மட்டும் மிஞ்சியது. அதைப் பேச ஆள் இல்லாமல், தன் கோவேறு கழுதையிடம் பேசிக்கொண்டிருந்தார். அதுவும் காதுக்குள் வாயை வைத்து, மெதுவாக. அவர் இறந்த பிறகு, வாரா வாரம் காய்கறி கொண்டுவந்து கொடுத்த ஒச்சப்பனுக்குக் கழுதை என்று முடிவாயிற்று. மடத்துப் பிரதர் அமலோற்பவம் அதைக் கூட்டிக்கொண்டு வந்து, ஒச்சப்பன் வீட்டு முற்றத்தில் நிறுத்திவிட்டு, "லத்தீன்ல சொன்னாத்தான் கேக்கும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்.

ஒச்சப்பன் அந்த மகிழ்ச்சியில் தன் பழைய குதிரையை மச்சானுக்கு, வெள்ளத்தாயியின் அண்ணனுக்கு, கொடுத்துவிட்டான்.

மறுநாள் முற்றத்துக்கு வந்து, "நட" என்றான். கழுதை நகரவில்லை. "ஹோய்" என்றான். தள்ளினான். பக்கத்துவீட்டுக் காமுத்துரை வந்து வாலைப் பிடித்தான். கழுதை திரும்பி அவனைப் பார்த்த பார்வையில், அவன் வாலை விட்டுவிட்டுக் கும்பிட்டான்.

தவசி வந்தான். தவசி கீழே டவுனில் ஒரு லாட்ஜில் சில காலம் வேலை பார்த்தவன். வெளி உலகம் தெரிந்தவன் என்று ஊரில் பேர். அவன் கழுதையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து சொன்னான்:

"அண்ணே, லத்தீன் படிச்சவரை வாலைப் பிடிச்சுத் தள்ளுறீக. ஒரு வாத்தியாரை இப்படித் தள்ளுவோமா?"

"அதானே," என்றான் காமுத்துரை. "மாமா, இவரை அது இதுன்னு சொல்றதே தப்பு."

அன்றிலிருந்து ஊரே கழுதையை 'சார்' என்று சொல்ல ஆரம்பித்தது. நாமும் அப்படியே சொல்வோம்.

வெள்ளத்தாயி வாசலில் நின்று இதையெல்லாம் கேட்டாள். பிளம்ஸ் அப்போது பச்சைக் காய். சிவந்தால் சில நாள்தான் தாங்கும், அதற்குள் இறக்க வேண்டும். சீசனில் ஊரில் யாரும் குதிரை இரவல் தர மாட்டார்கள்.

"இந்தாய்யா," என்றாள் புருஷனிடம். "காய் சிவக்கிறதுக்குள்ள இந்தச் சாரு பொதி சுமக்கணும். இல்லேன்னா பழம் மரத்தடியில அழுகும், நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். அங்க குதிரையாவது தமிழ் கேக்கும்."

ஒச்சப்பன் ஓடிவந்து அவள் முன்னால் நின்றான். "போகாதத்தா. நான் லத்தீன் படிச்சுர்றேன்" என்றான்.

தனியாகப் படித்தால் சந்தேகம் கேட்க ஆள் வேண்டுமே என்று தவசியும் காமுத்துரையும் சேர்ந்துகொண்டார்கள். மூன்று பேருக்கும் நாற்பது தாண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் மூவரும் ஒரே பெஞ்சு, ஒரே வகுப்பு, பல வருஷம்.

மடத்துக்குப் போய்ப் பிரதர் அமலோற்பவத்தைப் பார்த்தார்கள். அவர் பொறுமைசாலி. "இந்த வயசுல படிக்கணும்னு தோணுச்சே, அதுவே பெருசு" என்று உட்காரவைத்து, முறை சொல்லிக்கொடுத்தார்.

"அவசரப்படக் கூடாது. ஒரு பாடம் முழுசா விளங்காம அடுத்த பாடத்துக்குப் போகக் கூடாது. பேசறதுக்கு முந்தி நிறையக் கேக்கணும். படிக்கிற நேரத்துல தாய்மொழியை வெளியே விட்டுட்டு வரணும். முக்கியமா, நாலு புத்தகத்தை மேயக் கூடாது. ஒண்ணை எடுத்தா ஒண்ணுதான்."

பிறகு மூன்று புத்தகங்களை எடுத்து வைத்தார். ஒன்று படம் போட்ட மெலிசான கதைப் புத்தகம். ஒன்று அகராதி. இன்னொன்று செங்கல் கனத்தில் இலக்கணம். தமிழ் விளக்கத்தோடு, பின்னால் பயிற்சிகளுக்கு விடையும் போட்டிருந்தது. "மூணையும் கொண்டுபோய்ப் பாருங்க. எது ஒத்துவருதோ அதை வச்சுக்கிட்டு மத்ததைக் கொடுத்துருங்க."

ஊருக்கு வந்து மூவரும் ஆலோசித்தார்கள்.

"மெலிசாத்தான் இருக்கணும்," என்றான் ஒச்சப்பன். "பிளம்ஸ் சிவக்குறதுக்குள்ள முடியணும்ல."

"மெலிசுல எல்லா லத்தீனும் எப்படிண்ணே அடங்கும்?" என்றான் தவசி. "பாதி லத்தீன் படிச்சா சாரு பாதி வழியில நின்னுருவாரு."

"அகராதி போதும் மாமா," என்றான் காமுத்துரை. "எல்லா வார்த்தையும் அதுல இருக்கு. எந்த லத்தீனும் அதுக்கு வெளியில இல்ல. வரிசை மாறியிருக்கு, அவ்வளவுதான்."

முடிவுக்கு வரவில்லை. கடைசியில் தவசி, "நமக்கு என்ன தெரியும்? படிச்சவரையே கேப்போம்" என்றான். மூன்று புத்தகங்களையும் சார் முன்னால் விரித்து வைத்துவிட்டு, அவர் யோசிக்க இடம் கொடுக்க வேண்டுமே என்று மரியாதையாக ஒதுங்கிப் போய் டீ குடித்தார்கள்.

திரும்பி வந்தபோது படப் புத்தகமும் அகராதியும் இல்லை. சார் மென்றுகொண்டிருந்தார்.

இதற்கு என்ன அர்த்தம் என்பதில் பெரிய விவாதம் நடந்தது. பிடித்ததைத்தான் சாப்பிடுவார் என்றான் காமுத்துரை. ஒழிக்க வேண்டியதைத்தான் சாப்பிட்டார் என்றான் ஒச்சப்பன். தவசி இரண்டையும் கேட்டுவிட்டுச் சொன்னான்:

"நாலு புத்தகத்தை மேயக் கூடாதுன்னு பிரதர் சொன்னாரு. நமக்காக சாரு மேஞ்சுட்டாரு. மிச்சம் ஒண்ணு. இதுக்கு மேல எப்படி வழி காட்டுவாரு?"

ஆக, இலக்கணப் புத்தகம் தேர்வாயிற்று.

வகுப்பு முற்றத்திலேயே நடந்தது, சார் பக்கத்தில். தாய்மொழியை வெளியே விட வேண்டும் அல்லவா? முற்றத்தைச் சுற்றி வேலி இருந்தது வசதியாகப் போயிற்று. வேலிக்குள் தமிழ் பேசுவதில்லை என்று சத்தியம் செய்தார்கள். லத்தீன் இன்னும் தெரியாது. அதனால் வேலிக்குள் வெறுமனே இருந்தார்கள்.

வெள்ளத்தாயி, "சோறு போடவா?" என்று கேட்டால் மூவரும் எழுந்து, படலைத் திறந்து, வெளியே போய், "போடு" என்று சொல்லிவிட்டு, படலைச் சாத்தி உள்ளே வந்து உட்காருவார்கள். "கொழம்பு ஊத்தவா?" என்றால் மறுபடி எழுந்திருப்பார்கள். சாப்பாட்டு நேரத்தில் படல் ஓயாமல் கிறீச்சிட்டது.

வெள்ளத்தாயி சத்தியம் எதுவும் செய்யவில்லை. அவள் காலையிலிருந்து பொழுது சாயும்வரை பேசினாள். பதில் சொல்ல ஆள் இல்லாததால் சாரிடம் பேசினாள். "இந்தா தின்னு. வாயைத் தொற. தண்ணி குடிக்கிறியா? குடி. ஒன்னால என் குதிரை போச்சு. தள்ளு, கூட்டணும். தள்ளுன்னா தள்ளணும்." முதலில் விளக்குமாற்றால் காலில் ஒரு தட்டுத் தட்டித் தள்ளினாள். அப்புறம் தட்டுவதற்குக் கை சலித்துப்போய்ச் சும்மா சொன்னாள். முற்றம் தினமும் சுத்தமாக இருந்தது. அது எப்படி என்று மூவரில் யாரும் யோசிக்கவில்லை. அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதாவது, பேசுவதற்கு முன் நிறையக் கேட்க வேண்டும் என்று சொல்லியிருந்தாரே, அதற்காகச் சாரைச் சுற்றி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். சார் பேசவில்லை. ஒருநாள் மத்தியானம் நீளமாக ஒரு தடவை கத்தினார். மூவரும் அடித்துப் பிடித்துக்கொண்டு வேலிக்கு வெளியே ஓடினார்கள்.

"கேட்டீகளா? எந்தப் பாடம்?" என்றான் தவசி, மூச்சு வாங்க.

"நம்ம பாடம் இல்ல தம்பி," என்றான் ஒச்சப்பன். "ரொம்பப் பின்னால உள்ளது."

"கடைசியில ஏறி இறங்குச்சே, அது கேள்வியா இருக்கும்," என்றான் காமுத்துரை.

"என்ன கேட்டாரோ, பாவம். பதில் சொல்ல ஒரு ஆள் இல்ல" என்று ஒச்சப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

கேட்டது போதும் என்று முதல் பாடத்தைத் திறந்தார்கள். முதல் வாக்கியம் இது: 'நௌதா புயெல்லே ரோசாம் தாத்.' கீழேயே தமிழ் போட்டிருந்தது: மாலுமி சிறுமிக்கு ரோஜாப் பூ கொடுக்கிறான். அடுத்தது: 'அக்ரிகோலா ஸ்பெக்தாத்.' விவசாயி பார்க்கிறான்.

முழுசாக விளங்காமல் அடுத்ததற்குப் போகக் கூடாது. மூவரும் வேலிக்கு வெளியே வந்து உட்கார்ந்தார்கள்.

"மாலுமின்னா கப்பல்காரன். எந்த ஊரு?" என்றான் ஒச்சப்பன்.

"போடலண்ணே."

"ஊரு பேரு இல்லாதவன் பொம்பளைப் புள்ளைக்குப் பூ கொடுக்குறான். எதுக்கு?"

"அதுவும் போடல."

"புள்ளையோட அப்பனுக்குத் தெரியுமா?"

காமுத்துரை புத்தகத்தை வாங்கி முன்னும் பின்னும் புரட்டினான். "அப்பன் ஏழாம் பாடத்துலதான் வர்றாரு மாமா."

"அதுவரைக்கும் அந்தப் புள்ள தனியாவா நிக்கும்?"

மேகம் வந்து பாதையை மூடியது.

"தனியா இல்லையே," என்றான் தவசி. "விவசாயி பாத்துக்கிட்டு நிக்கிறான்ல."

ஒச்சப்பனுக்குக் கோபம் வந்தது. "அதைத்தான் நானும் கேக்குறேன். ஒரு விவசாயிக்கு நின்னு பாக்குறதுக்கு எங்கடா நேரம்? இந்தப் புத்தகம் எழுதுனவன் விவசாயியைப் பாத்திருக்கானா? நான் என்னைக்காவது சும்மா நின்னு பாத்திருக்கேனா?"

"ரெண்டு மாசமா வேற என்னய்யா செஞ்சுக்கிட்டு இருக்கீக?" என்று வெள்ளத்தாயி வீட்டுக்குள்ளிருந்து கேட்டாள்.

அதற்குப் பதில் சொல்வது பாடத்தில் சேராது என்று விட்டுவிட்டார்கள்.

விஷயம் மூன்று பேரோடு முடியக்கூடியதாக இல்லை. ஊர்க்கூட்டம் கூட்டினார்கள். கூழாம்பாறையில் யாரும் கடலைப் பார்த்ததில்லை. என்றாலும் எல்லாருக்கும் அபிப்பிராயம் இருந்தது. பூ கொடுத்த மாலுமி அந்தப் பெண் வயதுக்கு வரும்வரை காத்திருந்து கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒரு கட்சி. சின்னப் பிள்ளைக்குப் பூ கொடுப்பது பிரியத்தில்தான், மனுஷன் கடலிலேயே கிடந்தவன், பூவைப் பார்த்ததும் யாருக்காவது கொடுக்கத் தோன்றியிருக்கும் என்று ஒரு கட்சி. விவசாயி சாட்சி என்பதில் மட்டும் எல்லாருக்கும் ஒப்புதல். மாலுமி நேரில் வராததால் தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டது. அதனால் இரண்டாம் பாடமும் ஒத்திவைக்கப்பட்டது.

காத்திருக்கும் நேரத்தை வீணாக்கக் கூடாது என்று காமுத்துரை புத்தகத்தின் பின்பக்கம் போனான். அங்கே எல்லாப் பயிற்சிகளுக்கும் விடை இருப்பதைக் கண்டுபிடித்தான்.

"மாமா, முன்னாடி பூராவும் கேள்வி. நம்ம சாருகிட்டக் கேள்வியா கேக்கப் போறோம்? விடைதான் வேணும். எல்லாம் சரியான விடை. தப்பே இல்ல."

ஒரே வாரத்தில் விடைகள் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவிட்டான். யார் என்ன கேட்டாலும் லத்தீனில் பதில் சொன்னான். "காப்பி குடிக்கிறியாப்பா?" என்றால், "இல்லை, அரசியின் மகள்கள் காட்டில் இருக்கிறார்கள்" என்று லத்தீனில் சொல்வான். காப்பி கிடைக்காமல் இளைத்துப்போனான்.

இதற்கிடையில் பிளம்ஸ் சிவந்துவிட்டது.

வெள்ளத்தாயி ஒரு பழத்தைப் பறித்துக்கொண்டு வந்து வகுப்பின் நடுவில் வைத்தாள். "நாளைக்கு இதோட நிறத்தைப் பாருங்க. நாளன்னிக்கு வாசனையைப் பாருங்க. அதுக்கு அப்புறம் என்னைப் பாக்க முடியாது."

ஒச்சப்பன் அன்று சோற்றைப் பாதியில் விட்டு எழுந்தான். தவசியைக் கூட்டிக்கொண்டு மடத்துக்கு ஓடினான். விஷயத்தைக் கேட்டதும் பிரதர் அமலோற்பவம் தலையில் கை வைத்தார்.

"அட, 'நட'ங்கறதுக்கு ஒரே ஒரு வார்த்தைதானப்பா. அன்னைக்கே சொல்லியிருப்பேனே. கேட்டுக்குங்க..."

தவசி பாய்ந்து ஒச்சப்பனின் காதுகள் இரண்டையும் பொத்தினான். தன் காதைப் பொத்தக் கை இல்லாததால், பிரதர் சொல்லி முடிக்கும்வரை உரக்கக் கத்திக்கொண்டிருந்தான்.

"ஏம்ப்பா?" என்றார் பிரதர்.

"மன்னிச்சுக்கங்க பிரதர். ஏவல் வினை பத்தொன்பதாம் பாடம். நாங்க ஒண்ணுல இருக்கோம். நடுவுல உள்ளது விளங்காம தாவக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீக? இப்பவே தெரிஞ்சுட்டா, முடிவு தெரிஞ்சு சினிமா பாக்குற மாதிரி ஆயிரும்."

"பழம் அழுகிப்போகுமே?"

"பழம் அடுத்த வருசமும் காய்க்கும் பிரதர். அஸ்திவாரம் ஆடிப்போனா?"

ஒச்சப்பன் இருவர் வாயையும் மாறிமாறிப் பார்த்தான். காதிலிருந்து கையை எடுத்தபோது பேச்சு முடிந்திருந்தது. திரும்பி வரும்போது அவன் ஊர் எல்லையில், "தம்பி, அவ அண்ணன் வீட்டுக்குப் போனா நான் யாருகிட்ட வந்து சாப்பிடுவேன்?" என்று கேட்டான். தவசியிடம் அதற்கு விடை இல்லை. காமுத்துரையிடம் இருந்திருக்கும்.

கெடு முடிந்த அன்று காலையில் வெள்ளத்தாயி துணிகளை மூட்டை கட்டினாள். போகிற வீட்டை அழுக்காக விட்டுப் போக மனசில்லை. விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். வகுப்பு அப்போதுதான் கூடியிருந்தது.

"தள்ளு," என்றாள்.

சார் தள்ளி நின்றார்.

"இன்னும் தள்ளு."

இன்னும் தள்ளி நின்றார்.

வெள்ளத்தாயி விளக்குமாற்றைக் கீழே போட்டாள். சாரை ஏற இறங்கப் பார்த்தாள். மெதுவாக, "இங்க வா" என்றாள். சார் வந்தார். அவர் முதுகில் அவள் சேணத்தைப் போட்டு, பிளம்ஸைப் பறித்துக் கூடைகளில் நிரப்பி இரண்டு பக்கமும் கட்டியபோது, அவர் பெருமூச்சு விட்டார். அவ்வளவுதான்.

"நட," என்றாள்.

சார் நடந்தார். படலைத் தாண்டி, ஊரைத் தாண்டி, பாதையில் இறங்கினார். வெள்ளத்தாயி பின்னாலேயே போனாள். அவிழ்க்காத துணிமூட்டை வாசலிலேயே கிடந்தது.

வகுப்பு எழுந்து வேலிக்கு வெளியே வந்தது. மூவர் முகத்திலும் ஈயாடவில்லை.

"போச்சு," என்றான் தவசி. "சாருக்கு லத்தீன் மறந்துபோச்சு."

"எத்தனை வருசப் படிப்பு!" என்றான் காமுத்துரை. இந்தத் தடவை துக்கத்தில் தமிழே வந்துவிட்டது.

"நம்ம வீட்டுக்கு வந்துதான் இப்படி ஆனாரு," என்று ஒச்சப்பன் நெஞ்சில் அடித்துக்கொண்டான். "பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாம வச்சுக் கெடுத்துட்டோம். அந்தச் சாமியார் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

பொழுது சாய வெள்ளத்தாயியும் சாரும் காலிக் கூடைகளோடு திரும்பினார்கள். மூவரும் அவள் முன்னால் கைகட்டி நின்றார்கள். இனிமேல் சாரிடம் யாரும் தமிழில் ஒரு வார்த்தை பேசக் கூடாது, அவரை முதல் பாடத்திலிருந்து மறுபடி உட்காரவைக்கப் போகிறோம், மிச்சப் பழத்தை நாங்களே சுமந்து இறக்கிவிடுகிறோம் என்றார்கள்.

வெள்ளத்தாயி யோசித்தாள். "எந்த முதுகா இருந்தா எனக்கென்ன? பழம் எறங்கணும்."

அடுத்த நாள் சாருக்கு முன்னால் முதல் பாடத்தை விரித்து, எழுந்து வெளியே போகாதபடி படலையும் சாத்திவிட்டு, மூவரும் ஆளுக்கொரு மூட்டையைத் தூக்கிக்கொண்டார்கள். "நடங்க" என்றாள் வெள்ளத்தாயி. நடந்தார்கள். நன்றாகவே நடந்தார்கள். பாதி வழியில், பள்ளத்துக்கு மேலே, தவசி திடீரென்று நின்றான். பின்னால் வந்தவர்கள் அவன்மேல் மோதி நின்றார்கள்.

"அண்ணே, ஒரு விசயம் யோசிச்சீகளா? சாருக்கு லத்தீன் எப்படிப் போச்சு?"

"எப்படி?"

"தமிழ்ல சொன்னதுக்கு நடந்தாரு. போயிருச்சு. இப்ப நம்ம என்ன செஞ்சுக்கிட்டு இருக்கோம்?"

ஒச்சப்பன் அலறினான்: "நம்மகிட்ட இருக்குறதே ஒரு பாடம்டா!"

"அதுவும் பாதி," என்றான் காமுத்துரை.

அந்த இடத்திலேயே சத்தியம் செய்தார்கள்: இனி லத்தீனில் சொன்னால் ஒழிய ஓர் அடி எடுத்து வைப்பதில்லை.

"நடங்க," என்றாள் வெள்ளத்தாயி.

நகரவில்லை.

"ஏய்யா, வெயில் ஏறுது. லாரி போயிரும். நடங்கய்யா!"

மூவரும் தூரத்து மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், காது மட்டும் இலேசாக ஆடியது. வெள்ளத்தாயி கத்திப் பார்த்தாள். தள்ளிப் பார்த்தாள். புருஷனின் வேட்டியைப் பின்னாலிருந்து இழுத்தும் பார்த்தாள். அவன் திரும்பி ஒரு பார்வை பார்த்தான்.

அவள் அதற்கு மேல் பேசவில்லை. மேலே ஏறி வீட்டுக்குப் போனாள். படலைத் திறந்தாள். "வா" என்றாள். முதல் பாடத்தைப் பாதிவரை தின்றிருந்த சார் எழுந்து வந்தார். இருவரும் பள்ளத்துக்கு இறங்கி வந்தார்கள். வெள்ளத்தாயி ஒரு கயிற்றை எடுத்து மூன்று பேர் இடுப்பையும் வரிசையாகக் கட்டினாள், முனையைச் சார் சேணத்தில் முடிந்தாள்.

"நட," என்றாள்.

சார் நடந்தார். கயிறு இழுக்க இழுக்க மூவரும் பின்னால் போனார்கள். இழுத்ததால் போகிறோம், சொன்னதால் அல்ல என்பதில் மூவருக்கும் திருப்தி.

கீழே லாரிக்காரர் பொறுமை இழந்து நின்றுகொண்டிருந்தார். பாதையில் வருகிறவர்களைப் பார்த்ததும் பீடியைக் கீழே போட்டார்.

"என்னத்தா இது? கழுதை முன்னால வருது, ஆளுக கட்டிப்போட்டுப் பின்னால வர்றாக?"

"கழுதைன்னு சொல்லாதீகண்ணே. அவரு சாரு," என்றாள் வெள்ளத்தாயி, முகத்தைத் துடைத்தபடி. "தமிழ் நல்லா கேப்பாரு. பின்னால வர்றதுகளுக்குத்தான் ஒண்ணும் விளங்காது."

லாரிக்காரர் மூவரிடமும் போய், "அண்ணே, மூட்டையை இப்படிக் கொண்டாங்க" என்று சொல்லிப் பார்த்தார். மூவரும் மலையைப் பார்த்தார்கள். கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். கையைத் தட்டினார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சார் பக்கம் திரும்பினார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. இந்த மூணையும் கொஞ்சம் லாரிப் பக்கமா ஓட்டிட்டு வந்துருங்க."

சார் ஓட்டிக்கொண்டு வந்தார்.